மாணவர் காணொளியை எங்கே வைப்பது?

மாணவர் முயன்றெடுத்த காணொளியை யூடியூபில் ஏற்ற விழையும் தமிழாசிரியர் முதற்கண் எண்ணவேண்டியது, அதனை யார் யார் காணலாம் என்பதே. அத்தளத்தில் மூன்று நிலைகள் உள. ‘பொது’ என்பதில் உலகோர் யாவரும் காண்பர். ‘பட்டியலிடப்படாதது’ என்பதைப் பலர் மறைவிடமெனக் கருதுகின்றனர், அஃது அன்று. இணைப்பு கிட்டியவர் எவரும் காணலாம். அவ்விணைப்பு கைமாறிச் செல்வதைத் தடுக்க இயலாது. ‘தனிப்பட்டது’ என்பதிலோ அழைக்கப்பெற்றவர் மட்டுமே காண்பர். பெற்றோர் ஒவ்வொருவரும் தத்தம் கூகுள் கணக்கில் நுழையவேண்டுமென்பது தொல்லைதான். ஆயினும், பிள்ளைகளின் முகமும் பெயரும் தோன்றும் படத்திற்கு இதுவே தக்கது. மூலப்படியைப் பள்ளியின் வன்தட்டிலும் வைத்தல் வேண்டும். 2005இல் தோன்றிய கூகுள் வீடியோ என்னும் தளம் 2012இல் மூடப்பட்டுவிட்டதன்றோ!