மாமனாரும் தளபதி, மருமகனும் தளபதி, வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையோ பாகிஸ்தான்! - அட்மிரல் ராம்தாஸ் நினைவுகள்

கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சுண்டல் பொட்டலத்தோடு உட்கார்ந்து அலையை வேடிக்கை பார்க்கிறோம். அதே கடலில்தான் 1783-ம் ஆண்டு ஜூன் 20-ம் தேதி ஒரு பெரிய சண்டை நடந்தது. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் 18, பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் 15. இரண்டு பக்கமும் நூறு பேர் வாக்கில் செத்தார்கள். காயம்பட்டவர்கள் பல நூறு பேர்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அந்த இரண்டு நாடுகளும் அந்த வருடம் ஜனவரி மாதமே ஐரோப்பாவில் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன. அந்தச் செய்தி கப்பலேறி, கடல்களைத் தாண்டி, வெள்ளைக்கொடியோடு கடலூருக்கு வந்து சேர ஜூன் மாதக் கடைசி ஆகிவிட்டது. அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துபோயிருந்தது.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் ஞாபகம் வருவார். அட்மிரல் எல்.ராம்தாஸ். இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர். போரில் வீர் சக்ரா விருது வாங்கியவர். அப்படிப்பட்டவர், ஓய்வு பெற்ற பிறகு வாழ்ந்த முப்பது வருடங்களையும் 'சமாதானச் செய்தி தாமதமாக வந்துவிடக் கூடாது' என்பதற்காகவே செலவழித்தவர் என்று சொல்லலாம். 2024 மார்ச் 15-ம் தேதி, தன் 90-வது வயதில் ஐதராபாத்தில் காலமானார். மனைவி, மூன்று மகள்கள், நாடு முழுக்க நண்பர்கள். எல்லைக்கு அந்தப் பக்கமும் நண்பர்கள்!

கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என்று நம் பக்கத்து ஊர்களில் 'நேவிக்காரர்' என்று ஒருவராவது இருப்பார். சிதம்பரம் ரயில் நிலையத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு அவர் இறங்கிய காட்சி, சொந்தக்காரர்களுக்கு இன்றும் மறக்காது. பெட்டியின் மூடியில் வெள்ளை பெயின்ட்டில் பெயரும் நம்பரும் எழுதியிருக்கும். அந்தப் பெட்டி பிறகு வீட்டில் போர்வை வைக்கிற பெட்டியாக மாறும். அவரும் பென்ஷன், கேன்டீன் சாமான், பேரப்பிள்ளைகளின் ஸ்கூல் வேன் என்று மாறிவிடுவார். போர் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பேச மாட்டார்.

ராம்தாஸ் வேறு மாதிரி. ஓய்வு பெற்ற பிறகுதான் அதிகம் பேசினார்.

அவர் பிறந்தது 1933 செப்டம்பர் 5-ம் தேதி, மும்பை மாட்டுங்காவில். தமிழர்களுக்கு மாட்டுங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. படித்தது டெல்லியில். பதினாறு வயது முடிவதற்குள் டேராடூனில் முப்படைப் பயிற்சிக்குச் சேர்ந்து, 1953-ல் கடற்படை அதிகாரியானார். நண்பர்களுக்கு அவர் எப்போதும் 'ராமு'தான். தளபதி ஆன பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

அவர் மனைவி லலிதா. இவருடைய அப்பா யார் என்பதில்தான் ஒரு சுவாரஸ்யம். ராம்தாஸ் கட்டாரி. 1911-ல் நம் செங்கல்பட்டில் பிறந்தவர். கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட் வேலையில் இருந்துவிட்டுக் கடற்படைக்கு வந்தவர். சுதந்திரம் கிடைத்து பத்து வருடங்களுக்கு மேல் ஆகியும் நம் கடற்படைக்கு ஆங்கிலேயர்கள்தான் தலைமை வகித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. 1958 ஏப்ரல் 22-ம் தேதி அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர் கட்டாரி. முப்பத்திரண்டு வருடங்கள் கழித்து, 1990 டிசம்பர் 1-ம் தேதி, அதே பொறுப்புக்கு அவருடைய மருமகன் வந்தார். மாமனார் பெயரிலும் ராம்தாஸ், மருமகன் பெயரிலும் ராம்தாஸ். கல்யாணப் பத்திரிகை அச்சடித்தவர் நிச்சயம் ஒருமுறை குழம்பியிருப்பார்! ஆனால், மருமகன் அந்த நாற்காலிக்கு வந்ததைப் பார்க்க மாமனார் உயிரோடு இல்லை. கட்டாரி 1983-லேயே காலமாகிவிட்டார்.

1971: வங்கக் கடலில்...

1971 போரைப் பற்றி நம் வீடுகளில் பேசும்போது கராச்சித் துறைமுகம் எரிந்த கதையைத்தான் அதிகம் சொல்வார்கள். நம் பக்கத்துக் கடலான வங்கக் கடலிலும் பெரிய காரியம் நடந்தது. விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த்தைத் தேடி 'காஜி' என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி வந்தது. விக்ராந்த் விசாகப்பட்டினம் பக்கம் இருப்பதாக அதை நம்பவைத்துவிட்டு, உண்மையில் விக்ராந்த்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்திருந்தது நம் கடற்படை. டிசம்பர் 3-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஜி மூழ்கியது.

அதன் பிறகு கிழக்குக் கடற்படைப் பிரிவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகங்களை முற்றுகையிட்டது. சிட்டகாங்கிலும் காக்ஸ் பஜாரிலும் ஒரு கப்பலும் உள்ளே போக முடியாது, வெளியே வர முடியாது. அந்த முற்றுகையில் இருந்த ஐ.என்.எஸ். பியாஸ் என்ற போர்க்கப்பலின் தலைவர்தான் கமாண்டர் ராம்தாஸ். அப்போது வயது 38. சந்தேகப்படும் கப்பல்களை நிறுத்திச் சோதனை போட வேண்டும். தண்ணீருக்குள் கண்ணிவெடி இருக்கலாம் என்ற பயமும் உண்டு. அது வெறும் பயமல்ல. போர் முடிந்த பிறகு சிட்டகாங் துறைமுகத்தில் கண்ணிவெடிகளை அகற்ற சோவியத் கடற்படை வந்து இரண்டு வருடங்கள் போல வேலை பார்க்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடல் வழி அடைபட்டதால், கிழக்கில் இருந்த பாகிஸ்தான் படைக்குத் தப்பிக்க வழியில்லை. டிசம்பர் 16-ம் தேதி டாக்காவில் சரணடைந்தார்கள். சிறைபிடிக்கப்பட்டவர்கள் சுமார் 93,000 பேர். இந்தப் போரில் காட்டிய துணிச்சலுக்காகத்தான் ராம்தாஸுக்கு வீர் சக்ரா கிடைத்தது.

அதற்கு முன்பே 1969-ல் கொச்சியில் கடற்படை அகாடமியைத் தொடங்கி நடத்தியவரும் இவர்தான். இன்று கேரளாவின் எழிமலையில் பிரமாண்டமாக நிற்கும் அகாடமிக்கு அதுதான் விதை. பிறகு கொச்சியில் தென் பிராந்தியத் தளபதி, விசாகப்பட்டினத்தில் கிழக்குப் பிராந்தியத் தளபதி. நம் கடலூர்க் கரையும் கிழக்குப் பிராந்தியத்தின் கண்காணிப்பில் வருவதுதான்.

தலைமைத் தளபதியாக அவர் இருந்தது மூன்று வருடங்களுக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் காலத்தில் நடந்த ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். 1992-ல் கடற்படையில் முதன்முறையாக, மருத்துவப் பிரிவுக்கு வெளியே, பெண்கள் அதிகாரிகளாகச் சேர்க்கப்பட்டார்கள். மூன்று பெண்களைப் பெற்றவர் தளபதியாக இருந்தபோது அந்தக் கதவு திறந்தது. எனக்கு அதைத் தற்செயல் என்று நினைக்கத் தோன்றவில்லை. 2017-ல் ஆறு பெண் அதிகாரிகள் தாரிணி என்ற பாய்மரப் படகில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகத்தையே சுற்றிவிட்டு அடுத்த வருடம் மே மாதம் திரும்பினார்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம், கடற்படைப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. இன்று சிதம்பரத்தில் ஒரு பெண் 'நேவியில் சேரப் போறேன்பா' என்று அப்பாவிடம் சொல்ல முடிகிறது.

ஓய்வுக்குப் பிறகு தொடங்கிய வேலை

1993 செப்டம்பர் 30-ம் தேதி ஓய்வு. பெரிய தளபதிகள் டெல்லியிலோ புனேயிலோ தங்கிவிடுவது வழக்கம். ராம்தாஸும் லலிதாவும் மகாராஷ்டிராவில் அலிபாக் பக்கத்தில் பாய்மளா என்ற கிராமத்துக்குப் போய், மரம் வளர்த்து விவசாயம் பார்த்தார்கள். லலிதா சும்மா இருப்பவர் இல்லை. 1984-ல் டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டபோது, நிவாரண முகாம்களில் இறங்கி வேலை செய்தவர். ஏழைக் குழந்தைகளின் கல்விக்காகப் பல வருடங்கள் உழைத்தவர். அணு ஆயுதத்துக்கும் அணு உலைக்கும் எதிராகப் பேசியவர். கணவர் சீருடையில் இருந்த காலத்தில் இப்படி ஒரு மனைவி என்றால், மேலதிகாரிகள் முகம் சுளித்திருப்பார்கள். அவர் அதைத் தடுக்கவில்லை. பிற்பாடு அவரே மனைவியின் வழிக்கு வந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

மகள்களில் ஒருவரான சாகரி கால்நடை மருத்துவர். கிராமத்து ஆடு, மாடு வளர்ப்பவர்களோடு வேலை செய்பவர். இன்னொரு மகள் கவிதா, உலகம் முழுக்கப் பெண்கள் அமைப்புகளுக்கு உதவும் நிதியத்துக்குத் தலைமை வகித்தவர். கவிதா மணந்துகொண்டது பாகிஸ்தானைச் சேர்ந்த ஒருவரை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1971-ல் எந்த நாட்டின் துறைமுகத்தை முற்றுகையிட்டாரோ, அந்த நாட்டில் சம்பந்தி வீடு! நம் வீடுகளில் பக்கத்து ஜில்லாவில் பெண் எடுப்பதற்கே எத்தனை பஞ்சாயத்து? அந்தக் கல்யாணத்தை ஏற்றுக்கொண்டதோடு அவர் நிற்கவில்லை. இரண்டு நாட்டுச் சாதாரண மக்களும் சந்தித்துப் பேச 1990-களில் தொடங்கப்பட்ட பாகிஸ்தான்-இந்திய மக்கள் மன்றத்தில் சேர்ந்து, இந்தியப் பக்கத்துக்குத் தலைமை ஏற்றார். ஒரு நாட்டின் முன்னாள் கடற்படைத் தளபதி, 'எதிரி' நாட்டுக்குப் போய் மேடையில் நின்று நட்பு பேசினால் சும்மா விடுவார்களா? அவரோடு ஒன்றாகப் பணியாற்றியவர்களிலேயே பலருக்கு அவர் பேச்சு பிடிக்கவில்லை. 1998-ல் இரண்டு நாடுகளும் அணுகுண்டு சோதனை நடத்தியபோது, ஊரே பட்டாசு வெடித்துக் கொண்டாடிய நேரத்தில், 'இது பாதுகாப்பு இல்லை' என்ற பக்கம் நின்றார். ஆயுதத்தைத் தொட்டுப் பார்க்காதவர் சொன்னால் 'உனக்கென்ன தெரியும்' என்று கேட்டுவிடலாம். இவரிடம் அப்படிக் கேட்க முடியாதே!

2004-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. தனியாக இல்லை. பாகிஸ்தான் பத்திரிகையாளர் ஐ.ஏ.ரஹ்மானோடு சேர்த்து. ரஹ்மான் பிறந்தது இன்றைய ஹரியானாவில், பிரிவினைக்குப் பிறகு வாழ்ந்தது லாகூரில். அவரும் 2021-ல் தன் 90-வது வயதில்தான் காலமானார்.

அந்த விருது வழங்கப்பட்டது ஆகஸ்ட் மாதக் கடைசியில். நான்கு மாதம் கழித்து டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து கிள்ளை வரை நம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 600 பேரைக் கடல் கொண்டுபோனது. அப்போது தமிழகக் கரைக்கு உதவிக்கு வந்த கடற்படை, அதே வாரத்தில் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கப்பல் அனுப்பியது. குண்டு சுமக்கிற கப்பலில் குடிதண்ணீரும் அரிசியும் போனது.

ராம்தாஸ் சொன்ன எல்லாவற்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றில்லை. கூடங்குளம் விஷயத்தில் அவர் போராட்டக்காரர்கள் பக்கம் இருந்தார். மின்வெட்டில் தவித்த தமிழ்நாட்டில் அதற்கு எதிர்க்கருத்தும் பலமாக இருந்தது. ஆம் ஆத்மி கட்சியின் உள் லோக்பாலாக இருந்தார். கட்சிக்குள் சண்டை வந்தபோது மனதில் பட்டதைச் சொன்னார். 2015-ல் அந்தப் பொறுப்பு போய்விட்டது. 2019 தேர்தல் நேரத்தில், 1987-ல் பிரதமர் ராஜீவ் காந்தி லட்சத்தீவுக்கு ஐ.என்.எஸ். விராட் கப்பலில் போனது பற்றி ஒரு சர்ச்சை கிளம்பியது. அப்போது தென் பிராந்தியத் தளபதியாக இருந்தவர் என்ற முறையில், அது அரசுமுறைப் பயணம்தான் என்று எழுத்திலேயே விளக்கம் கொடுத்தார். அதே வருடம், ராணுவத்தைத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று தேர்தல் ஆணையத்துக்குக் கடிதமும் எழுதினார். வயது 85. 'நமக்கெதுக்கு வம்பு' என்று பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்க வேண்டிய வயது.

அவர் தலைமை வகித்த அந்த மக்கள் மன்றம் விடாமல் பேசிய விஷயங்களில் ஒன்று, மீனவர்கள். குஜராத் கரையிலிருந்து போகும் நம் மீனவர்கள் கண்ணுக்குத் தெரியாத கடல் எல்லையைத் தாண்டி கராச்சி சிறையில் கிடப்பதும், அங்கிருந்து வருபவர்கள் நம் சிறையில் கிடப்பதும் இன்று வரை நடக்கிறது. வலையை இழுத்துக்கொண்டு போகும் படகு, நீரோட்டத்தில் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது நம் கடலூர் மீனவர்களுக்குத் தெரியும். ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் இருப்பவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

எவ்வளவு பகை இருந்தாலும், இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரு காரியத்தை மட்டும் செய்கின்றன. 2008-ல் போட்ட ஒப்பந்தப்படி, ஒவ்வொரு வருடமும் ஜனவரி 1-ம் தேதியும் ஜூலை 1-ம் தேதியும், தங்கள் சிறையில் இருக்கும் அடுத்த நாட்டுக் கைதிகளின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. அந்தப் பட்டியலில் மீனவர்களின் பெயர்கள் தனியாக இருக்கும்.