நாக்கை வெட்டும் முன்

பிறந்த குழந்தை அரை மணி நேரம் சப்பியும் பசி அடங்காமல் அழுதால், தாய்க்குக் காம்பு வெடித்து எரிந்தால், வீட்டில் உடனே சொல்லப்படுவது ‘பால் பத்தலை’ என்பதுதான். தருமபுரி மாவட்டத்தில் இதைச் சொல்லும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். சுகப்பிரசவமான தாய் பெரும்பாலும் மூன்றாம் நாளையொட்டி வீடு திரும்புகிறார். பால் நிறைந்து சுரக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அப்போதுதான். சிக்கல் தலைகாட்டும்போது செவிலியர் அருகில் இருப்பதில்லை. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலையூர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரியும் எட்டாத தூரம். பால்மாவு டப்பாவும் புட்டியும் இந்த இடைவெளியில்தான் வீட்டுக்குள் வருகின்றன. காரணம் குழந்தையின் நாக்கடியில் இருக்கலாம் என்று யாரும் பார்ப்பதில்லை.

நாக்கின் அடிப்புறத்தை வாயின் தரையோடு இணைக்கும் மெல்லிய சவ்வு எல்லோருக்கும் உண்டு. சில குழந்தைகளுக்கு அது குட்டையாகவோ தடித்தோ நுனிவரை நீண்டோ இருந்து, நாக்கை நீட்டவும் தூக்கவும் விடாது. இதுதான் நாக்கு ஒட்டு. குழந்தை காம்பை மட்டும் உறிஞ்சிப் பால் குடிப்பதில்லை. வாயை அகலத் திறந்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வி, நாக்கைக் கீழிறக்கி வாய்க்குள் வெற்றிடம் உண்டாக்கிப் பாலை இழுக்கிறது. நாக்கு அசையாவிட்டால் ஈறு காம்பை நசுக்குகிறது. மார்பு சரியாகக் காலியாகாததால் நாளடைவில் சுரப்பும் குறைகிறது. ‘பால் பத்தலை’ என்பது அப்போது உண்மையாகிவிடுகிறது. பழியோ தாயின் தலையில்.

அப்படியானால் சவ்வைக் கண்டதும் வெட்டிவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. நாக்கு ஒட்டுள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானோருக்கே பால் குடிப்பதில் சிரமம் வருகிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2024இல் கூறியது. 302 குழந்தைகள் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளை அலசிய 2017ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில், வெட்டியபின் தாயின் வலி குறைந்தது தெரிந்தது. குழந்தை பால் குடிப்பது மேம்பட்டதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பார்க்க வேண்டியது சவ்வின் தோற்றத்தை அல்ல, நாக்கின் வேலையை. பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருந்து, முதல் வாயிலிருந்து கடைசி வரை ஒருமுறை பாலூட்டுவதைப் பார்த்தால், பிடிக்கும் முறையை மாற்றியதுமே வலி விடுவது பலரிடம் தெரியும்.

சில நொடி வேலைக்கு ஏன் இத்தனை யோசனை என்று கேட்கலாம். கைதேர்ந்தவர் செய்தால் ஆபத்து குறைவுதான். ஆனால் ரத்தக்கசிவும் தொற்றும் அரிதாக வருவதுண்டு. காரணம் வேறாக இருந்தால் வெட்டியும் பயனில்லை. பிற்காலத்தில் பேச்சு வராதே என்ற அச்சமும் பெரிது. நாக்கு ஒட்டு பேச்சு தொடங்குவதைத் தாமதப்படுத்துவதில்லை. அந்தப் பயத்துக்காகப் பச்சைக்குழந்தைக்கு வெட்டத் தேவையில்லை. (அதே பயத்தில் புகட்டப்படும் கழுதைப்பாலுக்கும் நாக்கை அவிழ்க்கும் சக்தி கிடையாது.) மறுபுறம், எல்லாம் தானே சரியாகும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பதும் தவறு. பிடிமானத்தைத் திருத்தியும் வலி தீராமல், நாக்கு தெளிவாகக் கட்டுண்டு, எடையும் ஏறாவிட்டால் வெட்டுவதே முறை.

பிறந்த எடையைக் குழந்தை இரண்டு வாரத்துக்குள் மீட்டிருக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப்பின் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் கழிக்க வேண்டும். இல்லையென்றால் புட்டியைத் தேடாதீர்கள். பாலைக் கையால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டுங்கள். அன்றைக்கே கிராம சுகாதார செவிலியரிடமோ, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தையைக் காட்டி, ‘பால் குடிப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள்’ என்று கேளுங்கள்.