வடநாட்டு ஜீப்பும் நம் ஊர் நம்பரும்

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை விருதுநகரையும் சாத்தூரையும் தொட்டுச் செல்வதால், இவ்வட்டாரத்து மக்களுக்கு வடநாடு என்பது வெறும் பூகோளப் பாடமாக ஒருபோதும் இருந்ததில்லை. தீபாவளிக்குப் பல மாதங்களுக்கு முன்பிருந்தே சிவகாசிப் பட்டாசுப் பெட்டிகள் வடக்கு நோக்கிப் பிரயாணப்படத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுக்கு ஆர்டர் பிடிக்கவும் பாக்கி வசூலிக்கவும் போகிறவர்கள் குஜராத்தையும் டில்லியையும் அடுத்த தெருவைப்போல் அறிந்து வைத்திருக்கிறார்கள். தீப்பெட்டித் தொழிலைக் கற்று வர 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறிய காலத்திலிருந்தே, வடக்கே போய் ஒரு பொருளைக் கண்டு, அதை நம் ஊருக்குக் கொண்டுவந்து சேர்ப்பது இப்பகுதியின் சுபாவமாகிவிட்டது. அண்மைக் காலத்தில் அவ்வாறு வந்து சேரும் பொருள்களுள் விசித்திரமான ஒன்று, உருமாற்றம் செய்யப்பட்ட ஜீப்பு.

ஹரியானாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டினாற்போல் மண்டி டப்வாலி என்றோர் ஊர் இருக்கிறது. பழைய ராணுவ ஜீப்புகளைப் பிரித்துச் சீர்செய்வதில் பேர்பெற்ற அவ்வூர்ப் பட்டறைகள், காலக்கிரமத்தில், கேட்பவர் கேட்ட அளவுக்குச் சட்டம் கட்டி, விரும்பிய இன்ஜினை ஏற்றி, அகன்ற டயர்களை மாட்டி, தேசத்தின் எந்த மூலைக்கும் அனுப்பி வைப்பதில் கைதேர்ந்துவிட்டன. போதாக்குறைக்கு, தலைநகர் வட்டாரத்தில் 10 வயது கடந்த டீசல் வண்டிகளும் 15 வயது கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதிசெய்ததை அடுத்து, டில்லியில் விலை சரிந்த கார்கள் தென்னாட்டு வியாபாரிகளின் கண்ணில் பட்டன. மலிவும் மோகமும் ஒருசேர அழைக்கும்போது, கையில் நாலு காசு புரளும் இளைஞர் எவர்தாம் இடம் கொடாமல் இருப்பார்? ஆனால் வண்டியை வாங்குவது வேறு, அதை நம் மாவட்டத்து வண்டியாக ஆக்கிக்கொள்வது வேறு. வாங்குவதற்குப் பணம் போதும். பதிவு செய்வதற்கோ, காகிதம் சொல்வதை இரும்பு ஆமோதிக்க வேண்டும்.

காகிதத்தின் வழி

வேற்று மாநில வண்டியை 12 மாதம் வரை பழைய எண்ணிலேயே தாராளமாக ஓட்டலாம் என்பது நம்மிடையே வெகுவாகப் பரவியிருக்கும் அபிப்பிராயம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு அப்படியொரு அவகாசத்தைத் தருவது மெய்யே. எனினும் அது வண்டியின் இருப்பிடம் மாறுவதைப் பற்றிய விதியேயன்றி, உடைமை கைமாறுவதைப் பற்றியதன்று. உடைமை மாற்றத்தைப் பேசும் 50-ஆம் பிரிவோ, வாங்கியவர் 30 நாளுக்குள் தம் ஊர்ப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென்று கண்டிப்பாகச் சொல்கிறது. ஆகவே, வடக்கத்தி நம்பரோடு ஒரு வருஷம் ஊரைச் சுற்றலாம் என்ற தெம்பில் வண்டி வாங்குபவர், முதல் மாதம் கழிந்ததுமே விதியை மீறியவராகிவிடுகிறார்.

முறை யாதெனில், விற்பவர் தம் ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்தில் 28-ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்றை, அதாவது எல்லோரும் வாயாரச் சொல்லும் ‘என்.ஓ.சி.’யைப் பெற வேண்டும். வரி பாக்கியில்லை, திருட்டு வழக்கில்லை, கடன் கொடுத்த வங்கிக்கு ஆட்சேபமில்லை என்பவற்றை அது சொல்லும். பிறகு கைமாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களும், கடன் தீர்ந்திருந்தால் 35-ஆம் எண் படிவமும், புதிய பதிவெண் கோரும் 27-ஆம் எண் படிவமும் சேர்ந்து, விருதுநகர்க்காரர் ஆயின் 67, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஆயின் 84, சிவகாசிக்காரர் ஆயின் 95 என்ற பதிவு வரிசை எண்ணுக்குரிய அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். அதன் மேல் தமிழ்நாட்டின் ஆயுட்கால வரி இருக்கிறது. 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி 20 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட புதுக் காருக்கு விலையில் 20 சதவீதம். பழைய காருக்கு வயதுக்கேற்ப அது குறையும். முந்தைய மாநிலத்தில் கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்கு உரிய பகுதியைத் திரும்பக் கேட்க வழியுண்டு என்றாலும், இங்கே புதிய எண் கிடைத்த பிறகே அங்கே அந்த விண்ணப்பம் நகரும்.

இரும்பின் சாட்சி

இவ்வளவு காகிதங்களும் சேர்ந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைப்பவர்கள், மைதானத்தில் காத்திருக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரை மறந்துவிடுகிறார்கள். லாரிக்காரர்களின் வாய்மொழியில் இன்றும் அவர் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’தாம். பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிவரும் அவர் முதலில் தேடுவது சேஸிஸ் எனப்படும் இரும்புச் சட்டத்தின் நம்பரை. சட்டத்தின் தண்டில் அழுக்கையும் பெயிண்டையும் உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, மெல்லிய காகிதத்தை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்கை வசமாக ஓட்டினால், பொறித்த எழுத்துகள் கருமைக்கு நடுவே வெள்ளையாக எழும்பும். இக்கால வண்டிகளில் அவை 17 எழுத்துகள். மஹிந்திரா வண்டியாயின் எம்.ஏ.1 என்று ஆரம்பிக்கும். எண்களோடு மயங்கக்கூடுமென்பதால் ஆங்கிலத்தின் ஐ, ஓ, கியூ என்ற மூன்று எழுத்துகள் அவ்வரிசையில் இடம்பெறுவதேயில்லை. அந்தப் பென்சில் பிரதியில் ஓர் எழுத்து சாய்ந்திருந்தாலும், எண்ணைச் சுற்றி வெல்டிங் வைத்த தழும்பு தெரிந்தாலும், அனுபவசாலியான ஆய்வாளர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இங்கேதான் உருமாற்றிய ஜீப்பு சங்கடத்தில் மாட்டிக்கொள்கிறது. பழைய ஜீப்பு ஒன்றின் பதிவுப் புத்தகம் கையிலிருக்கும். ஆனால் நீளம் அந்த ஜீப்பினுடையதாக இராது, இன்ஜின் வேறொரு கம்பெனியினுடையதாக இருக்கும், இருக்கைகளும் கணக்குக்கு ஒத்துவாரா. வடநாட்டு அலுவலகம் கொடுத்த என்.ஓ.சி.யை நீட்டி, “அங்கே ஒத்துக்கொண்டார்களே” என்று வாதிப்பதில் பயனில்லை. அந்தச் சான்று வண்டி புறப்படுவதற்கு ஆட்சேபமில்லை என்று சொல்கிறதே தவிர, வண்டி இன்ன உருவத்தில் இருக்கிறது என்று சாட்சியம் கூறவில்லை.

சட்டம் எதைத் தடுக்கிறது

உற்பத்தியாளர் நிர்ணயித்த அமைப்பிலிருந்து பதிவுப் புத்தக விவரங்கள் வேறுபடும்படியாக வண்டியை மாற்றலாகாது என்பது சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரள அரசின் விதியொன்றைச் சார்ந்து, அமைப்பு மாற்றத்துக்கும் இடமுண்டென்று அம்மாநில உயர் நீதிமன்றம் கருதியதை, நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு 2019 ஜனவரி 9-ஆம் தேதி நிராகரித்து, பாராளுமன்றத்தின் சட்டத்துக்கு மாநில விதி கட்டுப்பட்டதே என்று தீர்த்துவிட்டது. அதே ஆண்டில் வந்த திருத்தம், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனையையும் கூர்மையாக்கிற்று. 2021 ஆகஸ்டில் கண்ணூரில், வீடியோப் பதிவர்கள் சிலருடைய உருமாற்றிய பிரயாண வேன் பறிமுதலாகி, பின்னர் அதன் பதிவே தற்காலிகமாக நிறுத்தப்பட்ட செய்தி மலையாள தேசமெங்கும் அமளிப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

பெரிய மாற்றங்கள் ஒருபுறமிருக்க, சிறியவையும் காலை வாரிவிடும். ஜீப்பு என்றாலே ராணுவப் பச்சை அடிப்பது பலருக்கு ஆசை. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி, அந்த ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கே உரியது. வேறு நிறமானால், பதிவுப் புத்தகத்திலும் அதை ஏற்ற வேண்டும். முகப்பில் மாட்டும் இரும்புக் கம்பித் தடுப்பு, பாதசாரிக்கு ஆபத்தென்றும் விதிவிரோதமென்றும் 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டுவதை 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. இவற்றைக் கழற்றிவிடலாம், வெட்டி ஒட்டிய சேஸிஸை என்ன செய்வது?

நியாயமும் குறையும்

இந்தக் கண்டிப்பை உத்தியோகஸ்தரின் பிடிவாதமென்று ஏசுகிறவர்களுக்கு, பட்டாசு வட்டாரத்தில் பிறந்தவர்களே தக்க விடை சொல்ல முடியும். ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம் என்று உரிமம் வரையறுப்பதும், அந்த வரையறையைச் சற்றே மீறினால் நேர்வது என்னவென்பதும் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடி விபத்தைக் கண்ட மாவட்டத்துக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீட்டிய சேஸிஸின்மேல் பொருந்தாத பிரேக்கும் உயர்த்திய ஸ்பிரிங்கும் ஏறிய வண்டி, வேகத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சோதித்தவர் எவருமிலர். விபத்தென்று வந்தால் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது அந்த மாற்றத்தைப் பற்றியே.

சட்டம் மாற்றத்தையே வெறுப்பதாகவும் கொள்ள வேண்டியதில்லை. அனுமதிபெற்ற உபகரணத்தால் எரிபொருளை மாற்றிக்கொள்ள அது இடமளிக்கிறது. உடல் ஊனமுற்றோருக்கு ஏற்றபடி வண்டியைத் திருத்தியமைக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பிரத்தியேகமாக வழிசெய்கிறது. வெடி விபத்தில் கையையோ காலையோ இழந்தவர்கள் வாழும் இந்த மாவட்டத்துக்கு, அதுவே மிகவும் உபயோகமான ஏற்பாடு. மாறாத பழமைக்கும் மரியாதை உண்டு. 50 வயது கடந்த வண்டிகளைத் தனிவரிசையில் பதிய 2021-இல் வந்த விதிகள், சேஸிஸும் உடற்கூடும் இன்ஜினும் பெரிதும் மாறாமல் மூல வடிவில் இருக்க வேண்டுமென்று நிபந்தனை வைக்கின்றன. விருதுநகர் பெற்றெடுத்த காமராஜர் பயணம் செய்த, எம்.டி.டி. 2727 எண்ணுள்ள கறுப்புச் செவர்லேயின் மதிப்பும் அது மாறாதிருப்பதில்தானே இருக்கிறது!

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நேர்மையாகவும் திறமையாகவும் ஒரு வண்டியை மாற்றியவர், அதைச் சோதனைக்குக் கொண்டுபோய், “இது பத்திரமானதா, பாருங்கள்” என்று கேட்பதற்கு நம் தேசத்தில் எளிய வாசலில்லை. பிரிட்டனில் ஒற்றை வண்டியையும் தனித்துச் சோதித்து அங்கீகரிக்கும் முறையிருக்கிறது. ஜெர்மனியில் மாற்றத்தை நிபுணர் பரிசோதித்துப் பத்திரத்தில் ஏற்றுகிறார். சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உயர்தரமான வாகன ஆராய்ச்சி மையமிருந்தும், அதன் சோதனைகள் கம்பெனிகளின் மாதிரி வண்டிகளுக்குப் பயன்படுவதுபோல் தனிமனிதரின் ஜீப்புக்குப் பயன்படுவதில்லை. வாசலை அடைத்துவிட்டுத் தண்டனையை மட்டும் உயர்த்தினால், திறமையுள்ள பட்டறைக்காரரும் போலி எண் பொறிப்பவரும் ஒரே வரிசையில் நிற்க நேர்கிறது. வாங்குபவரால் இருவரையும் பிரித்தறிய இயலாமற் போகிறது.

அவ்வாசல் திறக்கும் வரையில், வடக்கே வண்டி பார்க்கப் போகிறவர் முன்பணத்தைக் கொடுப்பதற்கு முன்னதாகவே சேஸிஸ் நம்பரின் பென்சில் பிரதியை எடுத்துப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, மத்திய அரசின் வாஹன் பதிவேட்டில் இன்ஜின் விவரத்தையும் கடன், அபராதப் பாக்கிகளையும் பார்த்து, இருக்கைக் கணக்கு முதற்கொண்டு எதிலாவது பொருத்தமின்மை தென்பட்டால், விலை எவ்வளவு மலிவானாலும், விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், கும்பிட்டு விடைபெற்றுக்கொள்வதே விவேகம். இங்கே வந்தபின் எந்த ஏஜெண்டாலும் நேர்செய்ய முடியாத குறையை, அங்கேயே அரைமணி நேரப் பொறுமையால் கண்டுபிடித்துவிடலாம்.