பல் விழுந்தால் பாலைத் தேடுங்கள்! வீட்டிலேயே தயாராக இருப்பது எப்படி?

கடலூர் சில்வர் பீச். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மணலில் கிரிக்கெட் நடக்கிறது. எகிறிய பந்து நேராக உங்கள் தம்பியின் வாயில் பட, முன்பல் ஒன்று வேரோடு மணலில் விழுந்துகிடக்கிறது. "போச்சுடா!" என்று பல்லை அங்கேயே விட்டுவிடுவோம். இல்லையென்றால் டிஷ்யூ பேப்பரில் மடித்து பாக்கெட்டில் போட்டுக்கொள்வோம். ரெண்டுமே தப்பு.

அந்தப் பல்லை மறுபடி அதே இடத்தில் பொருத்த வாய்ப்பு இருக்கிறது. வேரின் மேல் ஒட்டியிருக்கும் செல்கள் உயிரோடு இருக்கும்வரைதான் அந்த வாய்ப்பு. காய்ந்துபோனால் அரை மணி நேரத்திலேயே அவை சாக ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் தாண்டினால் நம்பிக்கை ரொம்பவே குறைந்துவிடும்.

மாவட்டத்தின் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி இருப்பது சிதம்பரம் அண்ணாமலை நகரில். 1980-ல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய அதே இடம்தான். கடலூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அந்த அரை மணி நேரம் ஓடிவிடும். அதனால், பல்லைக் காப்பாற்றுகிற முதல் ஆள் பக்கத்தில் நிற்கிற நீங்கள்தான்!

பல் வேரோடு விழுந்தால்...

* பல்லின் வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள், சோப்பு போடாதீர்கள்.

* மணல் ஒட்டியிருந்தால் பாலிலோ, சலைனிலோ லேசாக அலசுங்கள். இரண்டும் இல்லையென்றால் குடிதண்ணீரில் சில நொடிகள் போதும். கடல் தண்ணீர் வேண்டாம்.

* அடிபட்டவர் நிதானமாக இருந்தால், பல்லை அதே குழியில் மெதுவாகப் பொருத்தி, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லுங்கள். பக்கத்துப் பல்லைப் பார்த்தால் எது முன்பக்கம் என்று தெரிந்துவிடும்.

* பொருத்த பயமாக இருக்கிறதா? ஒரு டப்பாவில் குளிர்ந்த பால் ஊற்றி, பல் மூழ்கும்படி போடுங்கள். டீக்கடையில் கேட்டால் காய்ச்சாத பால் கிடைக்கும். பாலே இல்லையென்றால் அடிபட்டவரின் எச்சிலை ஒரு கப்பில் துப்பச் சொல்லி, அதில் வையுங்கள்.

தண்ணீரில் ஏன் ஊறப்போடக் கூடாது? வெறும் தண்ணீரில் அந்த செல்கள் உப்பி வெடித்துவிடும். பாலில் அவை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அந்த இடைவெளியில் பக்கத்தில் எந்தப் பல் டாக்டர் இருக்கிறாரோ, அவரிடம் ஓடுங்கள். மண்ணில் விழுந்த பல் என்பதால் டி.டி ஊசி பற்றியும் கேளுங்கள்.

குட்டிப் பிள்ளைகளின் பால்பல் விழுந்தால் மட்டும் திரும்பப் பொருத்தக் கூடாது. உள்ளே வளரும் நிலைப்பல் கெட்டுப்போகலாம். தலையில் அடிபட்டு மயக்கம், வாந்தி இருந்தால் பல்லை மறந்துவிட்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

நடுராத்திரி பல்வலி

வெதுவெதுப்பான ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளியுங்கள். பல் இடுக்கில் ஏதாவது மாட்டியிருந்தால் ஃபிளாஸ் நூலால் எடுங்கள். ஊசி, குச்சி எல்லாம் வேண்டாம். பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்று போடலாம். அடுத்ததுக்கு 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். கல்லீரல் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

பாட்டி சொல்லும் கிராம்புத் தைலம் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், உண்மைதான். பஞ்சில் ஒரு சொட்டு தொட்டு, பல்லில் மட்டும் வையுங்கள். ஈறில் ஊற்றினால் வெந்துவிடும். வலி மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் அப்படித்தான், புண்ணாகும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். வலி நின்றுவிட்டது என்று டாக்டரிடம் போகாமலும் இருக்காதீர்கள். உள்ளே சொத்தை அப்படியேதான் இருக்கும்.

பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம்

சுத்தமான காஸ் துணியை மடித்து அந்த இடத்தில் வைத்து, 20 முதல் 30 நிமிடம் அழுத்திக் கடியுங்கள். நடுநடுவே எடுத்துப் பார்க்காதீர்கள். துப்புவதும் கொப்பளிப்பதும் உறைந்த ரத்தத்தைக் கிளப்பிவிடும். அப்படியும் நிற்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிதான். வீட்டில் யாராவது ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், பல் பிடுங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இதற்கு மட்டும் காத்திருக்கவே கூடாது!

கன்னமோ தாடைக்குக் கீழேயோ வீங்கி, கூடவே காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்கக் கஷ்டம், மூச்சுத்திணறல் இதில் ஏதாவது இருந்தால், பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்குகிறது என்று அர்த்தம். உயிருக்கே ஆபத்து. காலைவரை பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீக்கத்துக்குச் சூடான ஒத்தடம் கொடுக்காதீர்கள்.

ஒரு சின்ன டப்பா போதும்

மூடியுள்ள சின்ன பிளாஸ்டிக் டப்பா, காஸ் துணி, பஞ்சு, சலைன் பாட்டில், கையுறை, பாராசிட்டமால், ஃபிளாஸ், சின்ன டார்ச். எல்லாமே மெடிக்கல் ஷாப்பிலும் மளிகைக் கடையிலும் கிடைப்பவைதான். மாத்திரையின் எக்ஸ்பயரி தேதியை அவ்வப்போது பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்திலுள்ள பல் டாக்டர் நம்பரையும், அவர் எத்தனை மணிவரை இருப்பார் என்பதையும் இன்றைக்கே போனில் சேமித்துவிடுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூர்க்காரர்கள் கரன்ட் இல்லாமல் எத்தனை நாள் தவித்தார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அதனால் ஐப்பசி மழை தொடங்கும் முன்பே, ஆடுகிற பல்லையும் ஆழமான சொத்தையையும் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். மெழுகுவத்தி, தீப்பெட்டி எடுத்து வைக்கிற அதே நாளில் இந்த டப்பாவையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்த முறை பீச்சுக்குக் கிளம்பும்போது டப்பா பைக்குள் இருக்கட்டும். பால் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்!