ஸ்கேனருக்குள் புகும் ஆடிக்காற்று

ஆனி பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று குற்றாலத்தில் சாரலாகிறது. ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம் பக்கத்தில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. வயல்வெளிப் புழுதியை வீட்டுக்குள் சேர்ப்பதும் அதுவே. தாத்தா காலத்து நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்ற ஃபிலிம் ஸ்கேனர் வாங்கி வைத்திருப்பவர்கள் இந்தப் புழுதியை அறிந்தே ஆகவேண்டும்.

ஸ்கேனரில் ஒளி ஃபிலிமை ஊடுருவி, சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, லென்ஸ் வழியே உணரியில் விழுகிறது. உணரி படத்தை வரி வரியாகப் படிக்கிறது.

தூசு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் படமே காட்டிக்கொடுத்துவிடும். நெகட்டிவில் ஒட்டிய தூசு ஒளியை மறைப்பதால் நேர்ப்படத்தில் வெள்ளைப் புள்ளி விழும், ஸ்லைடில் கரும்புள்ளி. உணரியில் துகள் இருந்தால் படத்தின் குறுக்கே நீளக் கோடு. கண்ணாடியில் படிந்த தூசுதான் ஏமாற்றுக்காரத் தூசு. புள்ளியும் விழாது, கோடும் விழாது. ஸ்லைடில் வெள்ளை வேட்டியின் ஓரம் பின்னணி இருட்டுக்குள் மங்கலாகக் கசியும்; நெகட்டிவில் தலைகீழாக, கருப்பு வெளுப்புக்குள் கசியும். நிகான் கூல்ஸ்கேன் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய அறிகுறி. லென்ஸ் போய்விட்டதென்று கருவியை மூலையில் போட வேண்டியதில்லை.

மென்பொருள் பார்த்துக்கொள்ளாதா? ‘டிஜிட்டல் ஐஸ்’ நுட்பம் அகச்சிவப்பு ஒளியால் ஃபிலிமின் மேலுள்ள தூசைக் கண்டுபிடிக்கிறது. வண்ண ஃபிலிமின் சாயங்கள் அந்த ஒளியை விட்டுவிடும், தூசு மறிக்கும். கருப்பு வெள்ளை ஃபிலிமிலோ படமே வெள்ளித் துகள்களால் ஆனது. அவையும் மறிப்பதால் நுட்பம் குழம்பிவிடும். பழைய ஸ்டுடியோ நெகட்டிவ்களுக்கு அது உதவாது. கருவிக்குள் இருக்கும் தூசுக்கும் உதவாது.

ஆகவே கையால்தான் சுத்தம் செய்யவேண்டும். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்ததும் துணியைத் தேடக்கூடாது. முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும், அழுத்தித் துடைக்கலாம்; ஸ்கேனர்க் கண்ணாடியில் மெல்லிய அலுமினியப் பூச்சு முன்பக்கமே இருக்கிறது. ஒரு மணல்துகள் உரசினாலும் நிரந்தரக் கீறல். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ரப்பர் ஊதியே போதும். ஊதியும் மங்கல் போகவில்லையென்றால் மட்டும், லென்ஸ் துடைக்கும் தாளைச் சுத்தமான ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சிறிது நனைத்து, அழுத்தாமல், ஒரே திசையில் ஒருமுறை இழுக்கலாம்.

ஈரம் தங்கினால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சாரல் மாதங்களில் கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வைப்பதும், ஜன்னலைச் சாத்திவிட்டு ஸ்கேன் செய்வதும் நல்லது.