கண்ணாடி வீட்டில் கார்த்திகைப் பூ

கார்த்திகை தீபம் நெருங்கினால் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் அகல் விளக்குகளுக்குத் தனி மவுசு வந்துவிடும். அதே பருவத்தில் நம் கிராமத்து வேலிகளில் எண்ணெயும் திரியும் இல்லாத விளக்குகள் சில எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அடி மஞ்சள், நுனி சிவப்பு. ஆறு இதழ்களும் மேல்நோக்கி நெளிந்து, அசல் தீச்சுடரேதான்! அதுதான் செங்காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களில் முதல் இடம் இதற்குத்தான். இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. கிராமத்தில் கேட்டால், கண்வலிக்கிழங்கு என்பார்கள்.

நமக்கு வேலிக் கொடி. ஹாலந்துக்காரர்களுக்கோ கண்ணாடி வீட்டுச் செல்லப் பெண்! அந்தக் குளிர் தேசத்தில், கண்ணாடிக் கூரைக்குள் நம் ஊர் வெப்பத்தை உண்டாக்கி இதை வளர்க்கிறார்கள். ஜப்பானில் கோச்சிப் பகுதியிலும் அப்படியே. இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும் கொடியாதலால், ஏறுவதற்குக் கயிறு இருந்தால் போதும். கிழங்கோ சில மாதம் உறங்கும் சுபாவமுள்ளது. குளிர்ந்த அறையில் வைத்து அந்த உறக்கத்தை நீட்டி, தவணை தவணையாக நடுகிறார்கள். பருவம் பாராமல் பூ! அத்தனையும் பூங்கொத்துக்குப் போகிறது. 1947-ல் தென் ரொடீஷியாவின் பள்ளிக் குழந்தைகள் எலிசபெத் இளவரசிக்குக் கொடுத்த வைரப் பதக்கமும் இந்தப் பூவின் வடிவந்தான்.

நம் விவசாயிகள் மூலனூர், ஜயங்கொண்டம் பக்கங்களில் இதைப் பயிரிடுவது பூவுக்காக அல்ல, விதைக்காக. அதிலிருந்து எடுக்கும் கால்சிசின், மூட்டு வீங்கி வலிக்கும் ‘கௌட்’ நோய்க்கு மருந்து. இந்தப் பூவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்கும். ஆகவே, காலை வேளையில் ஆட்கள் பூப் பூவாகச் சென்று மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். வயல் முழுவதும் இப்படி என்றால் எவ்வளவு பொறுமை வேண்டும், பாருங்கள்!

மொட்டை மாடியில் வளர்க்கலாமா? தாராளமாக. ஆடியில், கலப்பை போல் கவட்டையான கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கையாக நடுங்கள். முளைக்கும் கண் கவட்டையின் நுனியில் இருக்கிறது. அது ஒடிந்தால் முளைக்காது. விதை போட்டாலோ பூவுக்குச் சில வருஷங்கள் காத்திருக்க வேண்டும். பளபளக்கும் பீங்கான் தொட்டியானால் அடியில் துவாரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். காட்டிலிருந்து தோண்டி விற்பதை மாத்திரம் வாங்காதீர்கள். அப்படித் தோண்டித் தோண்டித்தான் பல இடங்களில் கொடியே அருகிவிட்டது.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். செடி முழுவதும் விஷம். கிழங்கு கொடிய விஷம். வேக வைத்தாலும் விஷம் போகாது. சர்க்கரைவள்ளி என்று நினைத்து அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் இலங்கையில் உண்டு. தின்றதும் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் பேதியும் ஆரம்பிக்கும். அதற்காகக் காத்திராமல், கை வைத்தியத்திலும் இறங்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்.

பூத்து முடிந்ததும் கொடி காய்ந்துவிடும். கோடை முழுவதும் தொட்டி வெறும் மண்ணாகக் கிடக்கும். உள்ளே கிழங்கு இருப்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். ஆகையால் தொட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘விஷம்’ என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.