உங்கள் கைக்கு எத்தனை நீளம்?

செண்பகனூரிலிருந்து மலைப்பாதையில் மேலேறி, கொடைக்கானலைத் தாண்டித் தூண் பாறைப் பக்கம் போனால் ஒரு கோல்ஃப் மைதானம் வரும். அந்த கோல்ஃப் மன்றம் தொடங்கியது 1895இல். மைதானத்தில் சில நாள் காட்டுமாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றை வேடிக்கை பார்த்து முடித்ததும், ஆட்டக்காரர் யாராவது வந்தால் அவருடைய பையையும் கவனியுங்கள், தம்பி தங்கைகளே.

ஆள் ஒருவர், பந்து ஒன்று. ஆனால் பைக்குள் 14 மட்டைகள் வரை இருக்கும். அதற்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தராது. அவை ஒரே நீளமாகவும் இருக்காது. முதல் அடிக்கு எடுக்கும் பெரிய மட்டை சுமார் 114 சென்டிமீட்டர். மணற்குழியிலிருந்து பந்தைக் கிளப்பி எடுக்கும் மட்டை 89 சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். நீளமான மட்டைதான் தொலைவாக அடிக்கும் என்றால், எல்லா மட்டையையும் நீளமாகவே செய்துவிடலாமே?

கிட்டிப்புள் ஆடியவர்களுக்கு இதன் விடை பாதி தெரியும். அண்ணனின் நீளமான கோலை வாங்கி அடித்தால், பட்டபோது புள் பறக்கும். ஆனால் பாதி முறை படவே படாது. இந்த இரண்டுக்கும் காரணம் கணக்கில் இருக்கிறது.

60 சென்டிமீட்டர் கோல் ஒன்று, 90 சென்டிமீட்டர் கோல் ஒன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் கால் வட்டம் சுழற்றினால், நீளக் கோலின் நுனி ஒன்றரை மடங்கு தூரம் போக வேண்டும். அதே நேரத்தில் அதிக தூரம் என்றால் அதிக வேகம். நுனியின் வேகம்தான் பந்துக்குப் போகிறது. இதுவரை நீளம் நமக்கு லாபம்.

ஆனால் அதே வேகத்தில் சுழற்ற முடியுமா? ஒரு கம்பின் நுனியில் கைப்பிடியளவு மணலைத் துணியில் முடிந்து கட்டுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாத வெட்டவெளியில் நின்று, கம்பின் அடியைப் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். பிறகு பிடியை ஒரு சாண் இறக்கி, அதாவது மணல் முடிச்சுக்கு அருகே நகர்த்திச் சுழற்றுங்கள். மணல் அதேதான், கம்பும் அதேதான். ஆனாலும் இரண்டாவது முறை எவ்வளவு லேசாகத் திரும்புகிறது! சுழலும் பொருள் தன் சுழற்சி மாறுவதற்குக் காட்டும் எதிர்ப்பை நிலைமத் திருப்புத்திறன் என்பார்கள். மேல் வகுப்புகளில் இந்தப் பெயர் வரும்போது மணல் முடிச்சை நினைத்துக்கொள்ளுங்கள். நுனியில் உள்ள எடைக்கு, தூரம் ஒன்றரை மடங்கானால் இந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்கோடு நிற்காது. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்க வேண்டும். இரண்டேகால் மடங்கு! வேகத்தில் ஒன்றரை கிடைக்கும் என்று நினைத்தோம். கைகளிடம் கேட்கும் வேலையோ அதைவிடப் பெரியது. அவ்வளவு வலு இல்லாத கை மெதுவாகத்தான் சுழற்றும். கிடைக்கவிருந்த வேகம் அங்கேயே கரைந்துவிடும்.

குறி தவறுவதும் இப்படித்தான். மணிக்கட்டு ஒரே ஒரு பாகை பிசகினால், 60 சென்டிமீட்டர் கோலின் நுனி ஒரு சென்டிமீட்டர் விலகும். 90 சென்டிமீட்டர் கோலின் நுனி ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் விலகும். கோல்ஃப் பந்தின் குறுக்களவே 4.27 சென்டிமீட்டர்தான். பந்தின் நடுவில் படவேண்டிய அடி ஓரத்தில் படுவதற்கு இது போதும்.

எனவேதான் மட்டை செய்பவர்கள் நீளத்தோடு எடையையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். இரும்பு மட்டைகளின் வரிசையில், மட்டை அரை அங்குலம் குறையக் குறைய அதன் தலை சுமார் 7 கிராம் கனமாகிக்கொண்டே போகும். எந்த மட்டையைச் சுழற்றினாலும் கைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது நோக்கம். கல்லூரியில் இயற்பியல் படித்த அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ இந்த வழக்கத்தையே மாற்றிவிட்டார். அவருடைய இரும்பு மட்டைகள் எல்லாம் ஒரே நீளம், 95 சென்டிமீட்டர் அளவில். தலைகளையும் ஒரே எடையில் வைத்துக்கொண்டார். எந்த மட்டையை எடுத்தாலும் ஒரே நிலையில் நின்று ஒரே விதமாகச் சுழற்றலாம் அல்லவா? 2020இல் அமெரிக்க ஓபன் பட்டத்தை வென்றார். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, உங்களுக்கு எத்தனை நீளம் வேண்டும்? உயரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று தோன்றும். உயரம் மட்டும் போதாது. உங்கள் வகுப்பில் இரண்டு பேரை நிறுத்துங்கள். ஒருவர் 150 சென்டிமீட்டர், கை குட்டை. இன்னொருவர் 156, கை நீளம். கைகளைத் தொங்கவிட்டால் இருவர் மணிக்கட்டும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கலாம். அப்படியானால் இருவருக்கும் ஒரே மட்டை பொருந்தும். ஆகவே மட்டை பொருத்துபவர்கள், ஆட்டக் காலணியோடு நிமிர்ந்து நிற்கச் சொல்லி, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை நாடா பிடித்து அளப்பார்கள். பிறகு சில பந்துகளை அடிக்கச் சொல்லிப் பார்த்து, கூட்டிக் குறைத்து முடிவு செய்வார்கள்.

நீளம் பொருந்தாவிட்டால் தொலைவு மட்டும் கெடுவதில்லை, திசையும் கெடும். மட்டை அளவுக்கு மீறி நீளமாக இருந்தால் தண்டு தரையை நோக்கிச் சரியும். அப்போது மட்டைத் தலையின் மூக்கு, அதாவது உங்களிடமிருந்து தள்ளி இருக்கும் முனை, மேலே தூக்கிக்கொள்ளும். ஒரு நோட்டுப் புத்தகத்தை உங்களுக்கு முன்னால் மேசையில் நிறுத்துங்கள். அதன் அட்டை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். மேல் விளிம்பை உங்கள் பக்கம் கொஞ்சம் சாயுங்கள். இப்போது வலது ஓரத்தை மட்டும் தூக்குங்கள். அட்டை லேசாக இடப்பக்கம் திரும்பிவிட்டது, பார்த்தீர்களா? வலக்கை ஆட்டக்காரர் மிக நீளமான மட்டையால் அடித்த பந்து இடப்பக்கம் போவது இதனால்தான். மட்டை குட்டையானால் எல்லாம் தலைகீழ். பந்து வலப்பக்கம் விலகும்.

நான் உரக்கச் சொல்ல விரும்பும் ஒன்று இங்கே வருகிறது. பெரியவர்கள் பயன்படுத்திய மட்டையைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்து, அது தடுமாறினால், "உனக்கு இது வராது" என்று சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமே இல்லை. முதலில் மட்டையைச் சோதியுங்கள்!

பிடியைக் கழற்றித் தண்டை வெட்டிக் கொடுத்துவிட்டால் போதாதா? பாதிதான் சரியாகும். பெரியவருக்காகச் செய்த தலை அதே கனத்தில் அங்கேயே இருக்கிறது. தண்டும் விறைத்துவிடும். ஏன் என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். அதை மேசை விளிம்புக்கு வெளியே 20 சென்டிமீட்டர் நீட்டி, உள்ளே இருக்கும் பகுதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியில் ஒரு சிறு எடையைத் தொங்கவிடுங்கள். எவ்வளவு வளைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இனி 10 சென்டிமீட்டர் மட்டும் நீட்டுங்கள். வளைவு பாதியாகாது; எட்டில் ஒரு பங்காகிவிடும். மட்டைத் தண்டும் அடிக்கும்போது கொஞ்சம் வளைந்து நிமிரும். குறுக்கிய தண்டு சின்னக் கையின் வலுவுக்கு வளையாது. சிறுவர் மட்டைகளை லேசான தலையும் இளகிய தண்டும் வைத்துத் தனியாகச் செய்வது இதற்காகத்தான்.

எதிர்த் திசையிலும் வேலை செய்யலாம். தண்டு உள்ளே குழாய்தான். மேல் முனையில் ஒரு துண்டைச் செருகிப் பசையால் ஒட்டி, மேலே புதிய பிடி போட்டால் நீளம் கூடும். வெட்டிய மட்டையின் தலை மிகவும் லேசாகத் தோன்றினால் அதன் பின்புறம் ஈயப் பட்டை ஒட்டுவார்கள். இதெல்லாம் பட்டறைக்காரர் வேலை. நீங்கள் ரம்பத்தைத் தொடவேண்டாம். எதையும் வெட்டாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. பிடியை இரண்டு மூன்று விரற்கடை கீழே இறக்கிப் பிடியுங்கள். பெரிய ஆட்டக்காரர்களே இப்படிப் பிடித்து அடிப்பதுண்டு.

நீளத்துக்கு உச்சவரம்பும் இருக்கிறது. தரையில் உருட்டும் மட்டையைத் தவிர மற்றவை 48 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. 2022 முதல், பெரிய போட்டிகளை நடத்துபவர்கள் விரும்பினால் அதை 46 அங்குலமாகக் குறைத்துக்கொள்ளலாம். நீளமே எல்லாம் என்று நினைப்பவர்கள் கொல்கத்தாவின் எஸ்.எஸ்.பி. சௌராசியாவைப் பார்க்கட்டும். 1829இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் மன்றத்தில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன் அவர். பார்த்துப் பார்த்துத் தானாகவே ஆடக் கற்றவர். தொலைவாக அடிப்பதைவிட, குழிக்கு அருகே நுட்பமாக ஆடுவதில் பெயர் பெற்றவர். 2016இலும் 2017இலும் இந்திய ஓபன் பட்டம் அவருக்குத்தான்.

தொலைவு என்றதும், தொடக்கத்தில் பார்த்த கொடைக்கானல் மைதானத்துக்கு ஒரு சலுகை உண்டு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, சென்னைக் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தடுக்கும் காற்று குறைவு என்பதால் அதே மட்டையால் அடித்த பந்து இங்கே சமவெளியைவிடத் தள்ளிப் போய் விழும்.

கடைசியாக வீட்டில் செய்ய ஒரு வேலை. ஒவ்வொரு பிறந்தநாளிலும் சுவரில் உங்கள் உயரத்துக்கு ஒரு கோடு போடுவீர்கள் அல்லவா? கூடவே மணிக்கட்டு உயரத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். உயரம் 10 சென்டிமீட்டர் கூடியிருந்தால், மணிக்கட்டுக் கோடு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர்தான் ஏறியிருக்கும். நீங்கள் வளரும்போது கையும் கூடவே கீழ்நோக்கி வளர்கிறதே! உடுப்பு அளவு மாறும் வேகத்தில் மட்டை அளவு மாறாது. அடுத்த மட்டை எப்போது தேவை என்பதை அந்த இரண்டாவது கோட்டை வைத்து முடிவு செய்யுங்கள்.